ஒரு விநாடி தாமதம்

எப்சிபா கணக்கு டீச்சர். கம்ப்யூட்டர் அவளுடைய பாடமில்லை. மேலகரத்துக்கும் இலஞ்சிக்கும் நடுவில் வயலோரமாக இருந்த அந்த அரசு நடுநிலைப்பள்ளியில் பத்து கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கிய அன்று, "யாருக்கு இதெல்லாம் ஓட்டத் தெரியும்?" என்று தலைமையாசிரியர் நமசிவாயம் கேட்டார். ஆசிரியர் அறையில் இருந்த மற்ற மூன்று பேரும் எப்சிபாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்படித்தான் அந்த லேப் அவள் தலையில் விழுந்தது.

இரண்டு நாள் பயிற்சிக்குத் தென்காசிக்கு அனுப்பினார்கள். அங்கேதான் ஸ்கிராட்ச் என்கிற இலவச மென்பொருளைக் காட்டினார்கள். அதில் எதையும் டைப் அடிக்க வேண்டாம். கலர் கலராக பிளாக்குகள் இருக்கும். மவுசால் இழுத்து ஒன்றின் கீழ் ஒன்றைப் பொருத்தினால், திரையில் நிற்கிற பூனை நடக்கும், பேசும், குதிக்கும். பள்ளியில் நெட் வருவதும் போவதுமாக இருந்ததால், எப்சிபா அதை பென் டிரைவில் வாங்கிவந்து ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஏற்றினாள். பத்தில் ஆறுதான் அப்போது ஓடின.

வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட். ஒரு கம்ப்யூட்டருக்கு நாலைந்து பிள்ளைகள். பிளாக்குகளில் இருந்த ஆங்கிலத்தைப் பாதிப் பேரால் வாசிக்க முடியவில்லை. அவர்களாகவே கலரை வைத்துப் பழகிக்கொண்டார்கள். நீலம் போட்டால் நகரும், ஊதா போட்டால் பேசும், ஆரஞ்சு போட்டால் நிற்கும், இல்லையென்றால் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும். முதல் வருடம் எப்சிபாவுக்கு இது பிடித்திருந்தது. சனிக்கிழமைகளில்கூட வந்து லேப்பைத் திறந்து வைத்திருக்கிறாள்.

இது மூன்றாவது வருடம். வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கு வீடு வீடாகப் படிவம் கொடுக்கிற வேலையும் அவளுக்கு வந்து சேர்ந்திருந்தது. ஆயிரத்துச் சொச்சம் பேர். பள்ளி விட்டதும் தோளில் பையை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவாள். பூட்டிய வீடு, இறந்துபோனவர் பெயர், கல்யாணமாகிக் கடையநல்லூருக்குப் போன பெண், ஃபோட்டோ இல்லை, நாளைக்கு வாங்க. வீட்டுக்கு வந்தால் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற மகன் சாப்பிடாமல் காத்திருப்பான். கணவருக்குக் கொல்லத்தில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிறு மத்தியானம் ரயிலேறிவிடுவார். கார்த்திகை மழை வேறு. குடையைப் பிடித்துப் பிடித்து அவளுக்கு வலது தோள்பட்டை மரத்துப்போயிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் லேப்பைத் திறந்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து படிவங்களை அடுக்க ஆரம்பித்துவிடுவாள். பிள்ளைகள் அவர்கள் பாட்டுக்கு எதையாவது செய்துகொண்டிருப்பார்கள்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் காளீஸ்வரி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். ஏழாம் வகுப்பு. வகுப்பிலேயே குட்டையான பிள்ளை. ஜன்னலோரம் இருந்த கம்ப்யூட்டரில் மவுஸ் சரியாக நகராது என்பதால் அங்கே யாரும் உட்காரமாட்டார்கள். அதுதான் அவள் இடம்.

"டீச்சர், கேம் ஒண்ணு செஞ்சிருக்கேன். பாக்கியளா?"

"அடுத்த வாரம் பாக்கேன்ட்டி. போ."

அடுத்த வாரமும் அதையே சொன்னாள். அதற்கடுத்த வாரம் காளீஸ்வரி கேட்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் நமசிவாயம் சார் செல்ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு தொண்டு நிறுவனம் மாவட்ட அளவில் போட்டி வைக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஸ்கிராட்சில் செய்ததை அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள், வியாழக்கிழமை தென்காசியில் நடுவர்கள் முன்னால் பிள்ளைகளே ஓட்டிக் காட்ட வேண்டும்.

"நம்ம ஸ்கூல்ல இருந்து ஒண்ணாவது போவணும் டீச்சர். லேப்பு வந்து மூணு வருஷமாச்சு. என்ன கிழிச்சியன்னு நாளைக்குக் கேப்பாங்க."

"சார், எனக்கு இன்னும் நானூறு ஃபார்ம் வாங்கணும்."

"எனக்குத் தெரியாதா? ஏதாவது ஒண்ணு இருக்கும், பாருங்க."

அவர் கெட்டவரில்லை. அவருடைய மேஜையிலும் அதே மாதிரி கட்டுக்கட்டாகக் காகிதம் கிடந்தது. எப்சிபா லேப்புக்குப் போய், ஆறு கம்ப்யூட்டரிலும் பிள்ளைகள் சேமித்து வைத்திருந்தவற்றை பென் டிரைவில் எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கணவரை ரயிலேற்றிவிட்டு, மூன்று மணிவாக்கில் கட்டிலில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். பூனை நடக்கிற கோப்புகள் பதினைந்து இருந்தன. பூனையும் நாயும் "ஹாய்", "ஹலோ" சொல்லிக்கொள்வது ஆறு. பிறகு காளீஸ்வரியுடையது.

திரையில் ஓர் அருவி. மவுசாலேயே வரைந்தது. கறுப்பாகப் பாறை, கோடு கோடாக வெள்ளைத் தண்ணீர். மேலேயிருந்து ஷாம்பூ பாக்கெட்டுகள் விழுந்துகொண்டிருந்தன. கீழே ஒரு பெண். பச்சைச் சேலை, அதன்மேல் ஆரஞ்சுச் சட்டை, கையில் கூடை. ஒரு கால் இன்னொன்றைவிடக் குட்டையாக இருந்தது. எப்சிபா அம்புக்குறி விசையை அமுக்கினாள். பெண் நகரவில்லை. ஒரு விநாடி கழித்துத்தான் கொஞ்சம் நகர்ந்தாள். அதற்குள் பாக்கெட் கீழே விழுந்து போயிருந்தது. மறுபடி அமுக்கினாள். மறுபடியும் அதே. ஸ்கோர் இல்லை. முடிவும் இல்லை. பாக்கெட்டுகள் விழுந்துகொண்டே இருந்தன.

பரவாயில்லையே என்றுதான் முதலில் நினைத்தாள். மற்ற எதிலும் இவ்வளவு வேலை இல்லை. உள்ளே பிளாக்குகளைத் திறந்து பார்த்தாள். நகர்வதற்கான நீல பிளாக்குக்கு மேலே ஆரஞ்சு பிளாக் ஒன்று, 'ஒரு விநாடி காத்திரு' என்று இருந்தது. பிள்ளை தெரியாமல் போட்டிருக்கிறாள். எப்சிபா அதை இழுத்து வெளியே விட்டாள். பெண் சட்டென்று ஓடினாள்.

அதோடு மடிக்கணினியை மூடியிருக்கலாம். ஆனால் ஷாம்பூ பாக்கெட் ஒன்பதுக்கும் ஒன்பது தனித்தனிப் படங்களும், ஒரே பிளாக் அடுக்கு ஒன்பது தடவையும் இருந்ததைப் பார்த்தாள். கணக்கு டீச்சருக்கு அது பொறுக்கவில்லை. எட்டை அழித்துவிட்டு, ஒன்றே தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்ளும்படி மாற்றினாள். கிறுக்கலாக இருந்த அருவிக்குப் பதிலாகக் குற்றாலத்தின் நல்ல ஃபோட்டோ ஒன்றை வைத்தாள். அதன் முன்னால் அந்தப் பச்சைச் சேலைப் பெண் இன்னும் அசிங்கமாகத் தெரிந்தாள். மென்பொருளோடு வருகிற படங்களிலிருந்து, அழகாகக் கைவீசி நடக்கிற ஒரு பெண்ணை எடுத்து அவளுக்குப் பதிலாக வைத்தாள். ஸ்கோர் போட்டாள். இருபது வந்தால் 'வெற்றி! தூய்மைக் குற்றாலம்!' என்று எழுத்து வரும். கூடவே கைதட்டல் சத்தம்.

முடிக்கும்போது மணி ஆறு. மகன் வந்து விளையாடிப் பார்த்தான்.

"சூப்பரா இருக்கும்மா. யாரு செஞ்சா?"

"செவன்த்து பிள்ளை ஒருத்தி" என்றாள். சொல்லும்போது உள்ளே எதுவும் உறுத்தவில்லை. பல வாரங்களுக்குப் பிறகு, தொடங்கிய வேலை ஒன்று அன்றைக்கே முடிந்திருந்தது. படிவத்தைப் போல நாளைக்கு வா என்று அது சொல்லவில்லை. அந்த சந்தோஷத்தில் தோசை வார்த்தாள்.

திங்கட்கிழமை காலையில் அதைப் போட்டிக்கு அனுப்பினாள். பிறகு ஜன்னலோரக் கம்ப்யூட்டரிலும் ஏற்றினாள். 'இதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது, மாற்றவா?' என்று அது கேட்டது. படிவ வேலைக் கூட்டத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆம் என்று அமுக்கினாள். போகிற வழியில் காளீஸ்வரியை வராந்தாவில் பார்த்து, "ஏட்டி, ஒன் கேமை அனுப்பிருக்கேன். வியாழக்கிழமை தென்காசி போறோம். யூனிஃபார்ம துவைச்சுப் போட்டுட்டு வா" என்றாள்.

காளீஸ்வரி வாயைத் திறந்தபடி நின்றாள். "நெசமாவா டீச்சர்?"

"நெசமாத்தான். கொஞ்சம் சரி பண்ணிருக்கேன். வேற ஒண்ணும் இல்ல."

செவ்வாயும் புதனும் மழை. கலெக்டர் லீவு விட்டார். அருவிகளில் குளிக்கவும் தடை போட்டார்கள்.

வியாழக்கிழமை தென்காசியில் ஒரு பள்ளியின் கூட்ட அறையில் மேஜைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு பள்ளிகள். எண்ணெய் வைத்து வழித்து வாரிய தலையோடு காளீஸ்வரி மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். பச்சைக் கொடியை அமுக்கினாள். கைவீசிக்கொண்டு அந்தப் பெண் வந்தாள்.

காளீஸ்வரி கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். பிறகு திரும்பி, "டீச்சர், வேற யாரு கேமையோ தொறந்துட்டிய" என்றாள்.

"இதுதான்ட்டி. ஒன்னோடதுதான். சொன்னம்லா, சரி பண்ணிருக்கேன்னு."

"இது எங்கம்மா இல்ல டீச்சர்."

எப்சிபாவுக்குச் சட்டென்று புரியவில்லை. காளீஸ்வரியின் அம்மா எங்கே வேலை பார்க்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். குற்றாலம் மெயின் அருவியில் துப்புரவு வேலை. சேர்க்கைப் பதிவேட்டில் எப்சிபா தன் கையாலேயே எழுதியது. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஆரஞ்சுச் சட்டைதான் சீருடை. அதை அவள் ஞாயிற்றுக்கிழமை யோசித்திருக்கவில்லை.

அதற்குள் நடுவர்கள் வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவர் முகம்மது சலீம், கடையநல்லூர்க்காரர். துபாயில் பல வருடம் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவர் என்று அறிமுகம் செய்திருந்தார்கள். அவர் விளையாடிப் பார்த்தார். சிரித்தார். பிறகு பிள்ளைக்குப் பக்கத்தில் குனிந்து, "நல்லா இருக்கும்மா. இந்தா இங்கன ஒரு பிளாக் இருக்குல்லா, நகல் எடுக்கது. இது எதுக்குப் போட்ட?" என்று கேட்டார்.

காளீஸ்வரி அந்த பிளாக்கையே பார்த்தாள்.

"பயப்படாத. தப்பா சொன்னாலும் பரவால்ல."

"தெரியாது சார். நான் போடல."

சலீம் நிமிர்ந்து எப்சிபாவைப் பார்த்தார். கையில் பேனாவும் தாளும் இருந்தன. பின்னால் அடுத்த பள்ளிப் பிள்ளைகள் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கூட்டத்தைப் பாத்துப் பயந்துட்டா சார்" என்றாள் எப்சிபா. "அவதான் செஞ்சா. கிளாஸ்ல நல்லா சொல்லுவா."

அவர் தலையாட்டிவிட்டு ஏதோ எழுதினார். நகர்ந்து போனார். காளீஸ்வரி எப்சிபாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை. கணக்கு புரியாதபோது பிள்ளைகள் கரும்பலகையைப் பார்ப்பார்களே, அப்படி இருந்தது. எப்சிபா பையைத் திறந்து எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மாலை போட்ட சாமிமார் கூட்டம். இரண்டு பேருக்கும் கடைசியில்தான் இடம் கிடைத்தது. கொடுத்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமல் காளீஸ்வரி மடியில் வைத்திருந்தாள். மேலகரம் தாண்டும்போது கேட்டாள்.

"டீச்சர், என்னோடது எங்கன இருக்கு?"

"லேப்லதான் இருக்கும். நாளைக்கு எடுத்துத் தாரேன்."

சொல்லி முடிக்கும்போதே அவளுக்கு அந்தக் கேள்வி நினைவுக்கு வந்துவிட்டது. மாற்றவா? ஆம்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கே போய் லேப்பைத் திறந்தாள். ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் கைவீசி நடக்கிறவள்தான் இருந்தாள். மற்ற ஐந்திலும் தேடினாள். பென் டிரைவில் தேடினாள். மடிக்கணினியில் தேடினாள். அந்த இரண்டிலும் பழையதன் மேலேயேதான் சேமித்திருந்தாள். அழித்த கோப்புகள் கிடக்கிற குப்பைத்தொட்டியிலும் இல்லை. மணி அடிக்கும்வரை தேடினாள். மூன்று வாரமாக அந்தப் பிள்ளை, சரியாக நகராத மவுசை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தண்ணீர்க் கோடாக இழுத்திருந்த அருவி அது. இப்போது எங்கேயும் இல்லை.

கடைசி பீரியடில் காளீஸ்வரி வந்தாள். எப்சிபா அவளை வெளியே அழைத்துப்போய்ச் சொன்னாள்.

"அழிஞ்சுபோச்சுட்டி. நான்தான் அழிச்சுட்டேன். தெரியாமத்தான். ஆனா நான்தான்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

காளீஸ்வரி அழவில்லை. சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பை விரலால் கீறினாள். "அந்த ஒரு செகண்ட எதுக்கு டீச்சர் எடுத்திய?" என்று கேட்டாள். "அத நான் எட்டு தடவ மாத்தி மாத்திப் போட்டேன். ரெண்டு செகண்ட் போட்டா ரொம்ப லேட்டாவுது. அரை செகண்ட் போட்டா வேகமாப் போறா. எங்கம்மா அப்படிப் போக மாட்டா. பாறையில வழுக்கி விழுந்ததுல இருந்து கால ஊனவே ஒரு நிமிஷம் ஆவும்."

"நீ எங்கிட்ட சொல்லலையேட்டி" என்றாள் எப்சிபா. சொன்னதும் தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. இரண்டு வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளையை அவளே திருப்பி அனுப்பியிருந்தாள்.

திங்கட்கிழமை முடிவு வந்தது. மதுரையில் நடக்கிற அடுத்த சுற்றுக்கு மூன்று பள்ளிகள் தேர்வு. அதில் இவர்களுடையதும் ஒன்று. நமசிவாயம் சார் வராந்தாவிலேயே நின்று கைதட்டினார். பிரேயரில் அறிவித்தார். காளீஸ்வரியை முன்னால் வரச் சொன்னார்கள். அவள் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றுவிட்டுப் போனாள்.

எப்சிபா அவருடைய அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டீச்சர், மத்த ஸ்கூல்ல எல்லாம் பிள்ளையளா செஞ்சிருக்கும்னு நெனைக்கியளா?"

"தெரியாது சார்."

"இருக்கிற வேலையில இத ஏன் இழுத்து விடுதிய? புள்ள மதுரைய பாத்துட்டு வரட்டும். அவளுக்குத்தான நல்லது."

அவர் சொன்னது தப்பாகவும் படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் களைப்பாக இருந்தது. எதுவும் செய்யாமல் இருப்பது எவ்வளவு எளிது. சரி என்று தலையாட்டினால் போதும். மிச்சப் படிவங்களை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விடலாம்.

"அவ அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லுதேன் சார்" என்றாள்.

மறுநாள் காலை வேலை முடிந்து காளீஸ்வரியின் அம்மா தங்கத்தாய் பள்ளிக்கு வந்தாள். சீருடைச் சட்டையைக் கழற்றிச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். வாசலில் செருப்பை விடுவதற்கே கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இடது காலை மெதுவாகத் தூக்கி உள்ளே வைத்தாள். எப்சிபா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் உட்காரவில்லை.

"டீச்சர், எம்மவ மதுரைக்குப் போறாளாமே! மேஸ்திரிகிட்ட சொன்னேன். எல்லாருக்கும் மிட்டாய் வாங்கிக் குடுங்கறாவ. எதுக்கு வரச் சொன்னிய? கையெழுத்துப் போடணுமா?"

எப்சிபா கேமைத் திறந்து காட்டினாள். தங்கத்தாய் சிரித்தாள்.

"யாரு இது? டிவியில வாரவ மாதிரி இருக்கா. அருவில குப்ப பொறக்குதவ இப்படியா நடப்பா?"

"அது நீ இல்லம்மா" என்றாள் காளீஸ்வரி. அவள் வாசல் பக்கத்திலேயே நின்றிருந்தாள். "நான் உன்னையத்தான் வரைஞ்சேன். பச்சச் சேலை. கால்கூட வரைஞ்சேன். டீச்சர் மாத்திட்டாவ."

எப்சிபா முழுவதையும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மாற்றியது, நடுவரிடம் பொய் சொன்னது, கோப்பு அழிந்தது. எதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல, தங்கத்தாயின் முகத்திலிருந்த சிரிப்பு போகாமல் அப்படியே உறைந்துபோயிற்று.

"நீங்க படிச்சவிய, நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பிய" என்றாள் கடைசியில். "ஏட்டி, டீச்சர் செஞ்சா என்ன? ஒம் பேருதான வருது."

"எம் பேரு வருது. நான் செய்யலலா."

"போவாண்டாமா அப்ப?"

காளீஸ்வரி தலையை ஆட்டினாள். தங்கத்தாய் மகளைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள்.

"நீ செஞ்சதுல நான் என்னட்டி செய்வேன்?"

"குப்ப விழும். நீ போய் எடுப்ப. ஒரு செகண்ட் லேட்டாத்தான் போவ. பாதி கீழ விழுந்துரும்."

"அப்புறம்?"

"அப்புறமும் விழும்."

வெளியே சத்துணவுக்கூடத்தில் தட்டுகளைக் கழுவுகிற சத்தம் கேட்டது. "அப்படித்தான் இருக்கு" என்றாள் தங்கத்தாய். "நேத்து சாமிமார் அவுத்துப் போட்ட வேட்டி மட்டும் ஆறு மூட்ட. நீ எப்பட்டி இதெல்லாம் பாத்த?"

"லீவுல ஒங்கூட வந்தம்லா."

அன்று மத்தியானம் எப்சிபா முகம்மது சலீமுக்கு ஃபோன் செய்தாள். எண்ணை அமுக்கிவிட்டு இரண்டு தடவை துண்டித்தாள். மூன்றாவது தடவை அவர் எடுத்துவிட்டார். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"எனக்கு அன்னைக்கே சந்தேகம் டீச்சர்" என்றார். "பிள்ள நான் போடலன்னு தெளிவாச் சொல்லுச்சு. பயந்த பிள்ள அப்படிச் சொல்லாது. ஆனா நீங்க சொன்னதும் நான் அதுக்கு மேல கேக்கல. எனக்கும் பன்னெண்டு மேஜை பாக்க வேண்டி இருந்துச்சு."

"பிள்ள மறுபடி செஞ்சு குடுத்தா எடுத்துக்கிடுவியளா சார்?"

"தேதி முடிஞ்சிட்டு டீச்சர். மத்த பிள்ளைகளுக்கு அது நியாயம் இல்ல. விலகுதோம்னு ஒரு லெட்டர் அனுப்பிருங்க. நாலாவதா வந்த ஸ்கூல் போவும்."

"சரி சார்."

"டீச்சர், அவ திருப்பிச் செஞ்சா எனக்கு ஒண்ணு அனுப்புங்க. போட்டிக்கு இல்ல. பாக்கணும்."

கடிதத்தை எழுதி நமசிவாயம் சாரிடம் கொண்டுபோனாள். அவர் வாசித்துவிட்டு, கையெழுத்துப் போட்டு, மேஜையில் அவள் பக்கமாகத் தள்ளினார். அதன்பிறகு பத்து நாள் அவளிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. பிரேயரில், சில காரணங்களால் நம் பள்ளி மதுரைக்குப் போகவில்லை என்று மட்டும் அறிவித்தார். ஆசிரியர் அறையில் எப்சிபா நுழைந்ததும் பேச்சு நிற்பது இரண்டு மூன்று நாள் நடந்தது. பிறகு அதுவும் பழகிப்போயிற்று. படிவ வேலை முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது.

கடிதம் போன வாரத்து வெள்ளிக்கிழமை, மற்றப் பிள்ளைகள் வருவதற்கு முன்பே காளீஸ்வரி ஜன்னலோரம் போய் உட்கார்ந்திருந்தாள். எப்சிபா நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரிலிருந்து மவுசைக் கழற்றி அவளுக்குக் கொண்டுபோய் மாட்டினாள். பிறகு தன் நாற்காலியையும் இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டாள். படிவக் கட்டை எடுக்கவில்லை.

"டீச்சர், நீங்க தொடக் கூடாது."

"தொடல."

இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். காளீஸ்வரி முதலில் பாறையை வரைந்தாள். இந்தத் தடவை கோடு நேராக வந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. அழித்துவிட்டுக் கோணலாக இழுத்தாள். ஷாம்பூ பாக்கெட்டை ஒவ்வொன்றாக நகலெடுக்க ஆரம்பித்தாள். எப்சிபாவின் நாக்கு நுனிவரை வந்தது. ஒரே பிளாக்கில் முடிகிற வேலை. ஐந்தாவது பாக்கெட் வரை பொறுத்தாள்.

"ஏட்டி, அதச் சுருக்கமாச் செய்ய ஒரு வழி இருக்கு. வேணும்னா சொல்லித் தாரேன். வேண்டாம்னா விட்டுரு."

காளீஸ்வரி யோசித்தாள். "அப்புறம் சொல்லித் தாங்க" என்றாள். ஒன்பது வரை அப்படியே செய்தாள்.

பச்சைச் சேலைப் பெண்ணை வரைய அரை மணி நேரம் ஆனது. பழைய மாதிரி வரவில்லை என்று இரண்டு தடவை அழித்தாள். மூன்றாவதும் பழைய மாதிரி இல்லைதான். முகம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. பரவாயில்லை என்று விட்டுவிட்டு, அம்புக்குறி பிளாக்குக்குக் கீழே ஆரஞ்சு பிளாக்கை இழுத்து வைத்தாள். ஒரு விநாடி.

பிறகு திரும்பி, "டீச்சர், ஒருத்தர உக்கார வைக்கதுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"அம்மா சொன்னா. வீட்டுல, ராத்திரி சாப்பிடும்போது. நீ மறுபடி செஞ்சா என்னைய எங்கனயாவது கொஞ்சம் உக்கார வைட்டின்னு சொன்னா."

மழை நின்று, வயல் பக்கமிருந்து ஈர மண் வாடை வந்தது. எப்சிபாவுக்கும் அப்போதுதான் தன் முதுகு நாற்காலியில் சாய்ந்திருப்பது தெரிந்தது.

"உக்காந்த மாதிரி இன்னொரு படம் வரையணும்" என்றாள். "விசைய யாரும் அமுக்காம இருந்தா அந்தப் படம் வரணும். அதுக்கு ஊதா கலர்ல ஒரு பிளாக் இருக்கு, நீயே தேடு."

"அப்ப விழுத குப்பை?"

"நீதான் சொல்லணும். ஒன் கேம்."

காளீஸ்வரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். "விழட்டும்" என்றாள். "அவ எந்திரிச்சதும் எடுத்துக்கிடுவா."

உட்கார்ந்த பெண்ணை வரைவதற்குள் மணி அடித்துவிட்டது. பாதி உடம்புதான் வந்திருந்தது. மற்றப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எப்சிபாவுக்கு ஐந்து மணிக்கு நன்னகரம் பக்கம் ஒரு தெரு பாக்கி இருந்தது. ஆனாலும் எழுந்திருக்காமல், காளீஸ்வரி கோப்புக்குப் புதிதாக ஒரு பெயரை, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடித்தேடி அடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள்.